புரவலர்

மார்ச் ஆகியும் எமயோகி ஆற்றில்
பாதி பனிக்கட்டி, பாதி சேற்றுத் தண்ணீர்.
பண்பாட்டு நிதியத்திலிருந்து கடிதம்:
ஆறு மாதத்துக்கு உதவித்தொகை. கவிதை எழுதலாம்.
வாழ்த்துக்குக் கீழே பொடி எழுத்தில்
பணம் வந்த வழியும் போட்டிருந்தார்கள்:
சாராய வரி, புகையிலை வரி, சூதாட்ட வரி.

முதலாவதில் என் பங்கு உண்டு, மறைக்க மாட்டேன்.
இரண்டாவதை விட்டு நாலு வருடம் ஆகிறது.
மூன்றாவது யார் கொடுத்ததென்று
தரைக்கடியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

கீழ்வீட்டுத் தர்வோ கெஸ்க்யூலா,
தார்த்து நகராட்சிக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர்.
பனி விழுந்தால் இரவு இரண்டு மணிக்குக் கூப்பிடுவார்கள்.
விழுமா என்று விழித்திருப்பார்.
விழித்திருக்கையில் கையில் போன்.
காசே இல்லாத ஆட்டத்தில்
காசு கொட்டுகிற சத்தம்.

"திருட்டுக் கடை இல்லை இது" என்று
மாடிப்படியில் நிறுத்திக் காட்டினார்.
திரையின் அடிமட்டத்தில் உரிம எண்,
பக்கத்தில் 'அளவோடு ஆடுங்கள்',
இரண்டும் எறும்பு சைஸில்.
மேலே செர்ரிப்பழங்கள் என் கட்டைவிரல் பருமன்.
உரிமம் பார்த்துத்தான் சேர்ந்தாராம்.
மீன் வாங்கினாலும் தேதி பார்க்கிற மனிதர்.

சட்டத்தைத் தேடிப் படித்தேன்.
கட்டிய பணத்திலிருந்து
திருப்பிக் கொடுத்த பணத்தைக் கழித்து
மிஞ்சியதற்குத்தான் வரி.
மிஞ்சியது என்று சட்டம் சொல்வதை
தர்வோ, போனது என்பார்.
ஆயிரம் யூரோ போனால்
நிறுவனம் அரசுக்குக் கட்டுவது ஏதோ கொஞ்சம்;
அதில் ஒரு துண்டு பண்பாட்டுக்கு
(ஓபராக்காரர்கள் முதலில் எடுத்துக்கொள்வார்கள்),
துண்டில் துணுக்கு இலக்கியத்துக்கு,
துணுக்கில் தூசி எனக்கு.
மின்கட்டண உறையின் பின்புறம் கணக்குப் போட்டேன்:
போன ஜனவரி முழுக்க அவர் தோற்றது
இந்தக் கவிதையில் ஒரு காற்புள்ளி.
இதோ, இது.
மற்றவையெல்லாம் வேறு சன்னல்கள்.

தெற்கே எங்கோ ஒரு மொழியில்
அரசு வாங்குவதற்கும் கவிஞர் எழுதுவதற்கும்
வரி என்று ஒரே பெயராம்.
பரிசில் வாங்கித் திரும்பும் புலவர்
எதிரே பசியோடு வரும் புலவருக்கு
வழி சொல்வதும் அங்கே வழக்கமாம்.
சொல்கிறேன், ஏஹா, கேட்டுக்கொள்:

சந்தை வாசலில் வெண்கலப் பன்றி நிற்கும்.
அதைக் கடந்து ஆற்றோரமாகவே வா.
தெருவிளக்கில் பனி பறக்கிறதா பார்;
பறக்காவிட்டால் உன் நல்ல காலம், வீட்டில் இருப்பார்.
தரைத்தளத்தில் ஒரே ஒரு சன்னல் நீலமாக எரியும்.
அவர் யானை தரமாட்டார், தேர் தரமாட்டார்,
நீ வந்ததுகூட அவருக்குத் தெரியாது.
தோற்பார்.
மிதியடியில் பூட்ஸைத் தட்டி
வாசலில் ஒரு நிமிடம் நின்று
கொடை வாழ்க என்று சொல்லிவிட்டுப் போ.

ஏப்ரல் கடைசியில் குப்பைத் தொட்டியருகே பார்த்தேன்.
தாடி எடுத்திருந்தார்.
வரி இலாகாவின் தடைப்பட்டியலில்
தன் பெயரைத் தானே போட்டுவிட்டாராம், மூன்று வருடத்துக்கு.
"அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்றார். "சேரும்போது ரெண்டுதான்."
நல்லது என்றேன்.
நல்லதுதான்.
அன்றிரவு தரைக்கடியில் குளிர்பெட்டி மட்டும் முனகியது.
எனக்குத் தூக்கம் வரவில்லை.

மே ஐந்தாம் தேதி
உதவித்தொகை வந்தது.
ஒரு சென்ட்கூடக் குறையவில்லை.